மணி மந்திரம்

'ஓம் மணி பத்மே ஹூம்' என்னும் ஆறெழுத்து மந்திரம் கருணையின் போதிசத்துவரான அவலோகிதேசுவரருக்கு உரியது. இதைப் பேசும் மிகப் பழைய நூல் காரண்டவியூக சூத்திரம்.

திபெத்தில் இது நாவோடு நிற்பதில்லை. 108 மணி மாலையைக் கொண்டு உருவேற்றுகிறார்கள். கல்லில் செதுக்கி வழியோரம் அடுக்குகிறார்கள். தாள் சுருளில் அச்சிட்டு உருளைக்குள் வைத்து வலஞ்சுழியாகச் சுற்றுகிறார்கள். ஒரு சுற்று, சுருளிலுள்ள மந்திரங்கள் அத்தனையையும் ஓதியதற்குச் சமம் என்பது நம்பிக்கை. சோம்பேறிகளின் குறுக்குவழி அல்ல இது. ஆறு எழுத்தும் ஆறு பிறவி உலகங்களின் துன்பத்தைத் தீர்ப்பதாக எண்ணி, எல்லா உயிர்களுக்காகவும் ஓதுவதே முறை.

அவலோகிதேசுவரர் உறைவதாகக் கருதப்படும் பொதலக மலை தென்னிந்தியாவில் இருப்பதாக 7ஆம் நூற்றாண்டில் சீனத் துறவி சுவான்சாங் எழுதினார். அது அகத்தியரின் பொதிகை மலையே என்பர் சிலர். 11ஆம் நூற்றாண்டுத் தமிழ் இலக்கண நூலான வீரசோழியமோ, அகத்தியர் அவலோகிதேசுவரரிடமே தமிழ் கற்றதாகச் சொல்கிறது. லாசாவின் பொதாலா அரண்மனை பெயர் பெற்றதும் பொதலக மலையிலிருந்துதான்.