செய்தித்தாளும் நெல்லைச் சீமையும்

செய்தி என்பது முற்காலத்தில் அரசனுக்கும் அவனை அண்டினார்க்குமே உரிய பொருளாயிருந்தது. ஒற்றர் கொணர்வதை வேந்தன் அறிவான். பறையறைந்து சொல்லப்படுவதை மட்டுமே ஊரார் அறிவர். அப்பொருளை யாவர்க்கும் பொதுவாக்கியது செய்தித்தாள். தமிழ்நாட்டில் அது வளர்ந்த வரலாற்றிலே பழைய திருநெல்வேலிச் சீமைக்குள்ள பங்கு சிறிதன்று.

1878-ஆம் ஆண்டில் லிட்டன் பிரபு, சுதேச மொழிப் பத்திரிகைகளை அடக்குதற்பொருட்டுச் சட்டமொன்று செய்தார். ஆங்கிலப் பத்திரிகைகளை அது தீண்டவில்லை. தாய்மொழியில் எழுதுவதே குடிகளின் நெஞ்சிற் பதியும் என்பதை ஆள்வோர் உணர்ந்திருந்தனர் போலும். அவ்வாண்டில் ‘ஹிந்து’ பத்திரிகையைத் தொடங்கினோருள் ஒருவராகிய ஜி. சுப்பிரமணிய ஐயரும் அவ்வுண்மையை உணர்ந்தவரே. அவர் 1882-இல் ‘சுதேசமித்திரன்’ என்னும் தமிழ்ப் பத்திரிகையை நிறுவினார். வாரத் தாளாகத் தோன்றிய அது 1899-இல் நாளிதழாயிற்று.

1904-இல் அதன் துணையாசிரியராய் அமர்ந்தவர் எட்டயபுரத்துச் சுப்பிரமணிய பாரதியார். 1906-இல் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழில் அவர் எழுதியவை அரசினர்க்குச் சினமூட்டின. 1908-இல், ஆசிரியரெனப் பதிவு பெற்றிருந்த சீனிவாசன் என்பார் சிறை புகுந்தார். பாரதியார் புதுவைக்கு ஏகினார். ஈண்டு ஒன்று கருதற்பாலது. அச்சிடுவோர், வெளியிடுவோர் பெயர்கள் தாளிற் பொறிக்கப்படல் வேண்டுமென்பது 1867-ஆம் ஆண்டுச் சட்டம். ஆதலின் எழுதப்பட்டதற்கு விடை கூற ஒருவர் பெயரொடு நின்றார். பின்னர் பாரதியார் நம் ஊர்க்கு அண்மையிலுள்ள கடையத்தில் தங்கியிருந்து, 1920-இல் மீண்டும் சுதேசமித்திரனிற் சேர்ந்தார்.

1934-இல் தோன்றிய ‘தினமணி’க்கு முதலாசிரியர், தென்காசியிற் பிறந்த டி. எஸ். சொக்கலிங்கம். 1942-இல் மதுரையில் ‘தந்தி’யைத் தொடங்கியவர் காயாமொழி சி. பா. ஆதித்தனார். இவர்கள் நடையை எளிமையாக்கினர். பண்டிதருட் சிலர் இதற்கு முகஞ்சுளித்ததுண்டு. யானும் இலக்கணம் கற்பிப்பவனே. ஆயினும், எழுத்துக்கூட்டிப் படிப்பவனையும் தேநீர்க் கடையில் தாளெடுத்து நாட்டு நடப்பைப் பேசச் செய்த நடையைக் குறை கூற என் நா எழவில்லை. தமிழ் அதனால் தேய்ந்திலது, பரந்தது.

அச்சம் அந்நிய ஆட்சியோடு ஒழிந்ததுமன்று. 1975-இல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபொழுது, நம்மவர் ஆட்சியே பத்திரிகைகளுக்குத் தணிக்கை விதித்தது. ஆள்வோர் யாவராயினும், மக்கள் அறிவதை அஞ்சுதல் இயல்பென்பது இதனாற் புலப்படும்.

இன்றோ செய்தி கைப்பேசி வழியே கணந்தோறும் வருகின்றது. விரைவு நன்றே. ஆனால் அவற்றுட் பலவற்றிற்கு எழுதினார் பெயருமில்லை. பொய்யாயின் விடை கூறுவாருமில்லை. பெயரில்லாச் சொல் ஒன்று இரு தெருவாரைப் பகைவராக்க ஓரிரவு போதும். பத்திரிகையாசிரியர் செய்துவந்த ஆராய்ச்சி இப்பொழுது படிப்போர் தலையில் விழுந்துள்ளது.

ஆகலின் அன்பர்காள், ஒரு செய்தி வந்தவுடன் பிறர்க்கு அனுப்புமுன், சொன்னவர் யார், எங்கு எப்பொழுது நிகழ்ந்தது என்று வினவுமின். நம் மக்களுக்கும் அவ்வழக்கத்தைப் பயிற்றுமின். உண்மைக்காகப் பெயரிட்டுச் சிறை புகுந்தவர்க்கு நாம் செலுத்தும் கடன் அதுவே.