விளையாட்டுப் புகையிரதங்களும் அவற்றின் மின்கோளாறுகளும்

பழைய விளையாட்டுப் புகையிரதம் ஒன்று பாதி வழியில் நின்றுவிட்டால், அதன் மோட்டர் எரிந்துவிட்டது என்றே பலரும் எண்ணுவர். ஆயினும், அக்கோளாற்றின் வேர் பெரும்பாலும் தொண்ணூறு, நூறு ஆண்டுகளுக்கு முன்னர் தொழிற்சாலையொன்றில் எடுக்கப்பட்ட முடிவில்தான் இருக்கும்.

ஜோசுவா லயனல் கோவன் 1900ஆம் ஆண்டு நியூயோர்க்கில் தொடங்கிய லயனல் நிறுவனம், 1906இல் மூன்று தண்டவாளப் பாதையை அறிமுகப்படுத்தியது. உண்மையான புகையிரதப் பாதைக்கு இரண்டு தண்டவாளங்களே உள்ளன. அப்படியிருக்க மூன்றாவது எதற்கு? இரண்டு தண்டவாளங்களில் ஒன்றால் மின்னோட்டம் வந்து மற்றொன்றால் திரும்புமாயின், பாதை வளைந்து தன்னோடு தானே இணையும் இடத்தில் குறுஞ்சுற்று ஏற்படும். நடுத் தண்டவாளத்தால் மின்சாரம் வந்து, வெளித் தண்டவாளங்கள் இரண்டாலும் திரும்பினால் அந்தச் சிக்கல் இல்லை. சிறுவர்கள் பாதையை விரும்பியபடி அமைக்கலாம். விலை என்னவெனில், நடுத் தண்டவாளத்தை இரும்புக் குறுக்குச் சட்டத்திலிருந்து பிரிப்பது ஒரு மெல்லிய நார்த்தாள் துண்டு மட்டுமே. அது நைந்து போனால் முழுப் பாதையும் செயலிழந்துவிடும். பாதைத் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மல்ரிமீற்றரால் சோதிப்பதைத் தவிர வேறு குறுக்குவழி கிடையாது.

இதனிலும் சுவையானது பின்னோக்கி ஓடும் பொறிமுறை. லயனல் ரயில்கள் இயங்கியது ஆடலோட்டத்தில். (இலங்கைப் பாடநூல்களின் இச்சொல்லைத் தமிழ்நாட்டு வாசகர்கள் மாறுதிசை மின்னோட்டம் எனப் புரிந்துகொள்க.) ஆடலோட்டத்தில் கம்பிகளை மாற்றிப் பொருத்துவதால் மட்டும் மோட்டர் திசை மாறாது. ஐவ்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் 1924இல் இதற்கு விடை கண்டது. மின்சாரத்தை ஒரு கணம் நிறுத்திக் கொடுத்தால், இயந்திரத்தினுள் உள்ள சிறிய உருளை ஒரு படி சுழலும். முன்னோக்கி, நடுநிலை, பின்னோக்கி, மீண்டும் நடுநிலை என்பதே ஒழுங்கு. ஐவ்ஸ் 1928இல் முறிவடைந்தபோது லயனலும் அமெரிக்கன் ஃபிளையரும் சேர்ந்து அதனை வாங்கின.

இந்தப் பொறிக்கு, சிறுவன் வேண்டுமென்றே மின்சாரத்தை நிறுத்தினானா, அழுக்கினால் தடைப்பட்டதா என்ற வேறுபாடு தெரியாது. தண்டவாள இணைப்பில் சிறிது துரு இருந்தாலும் உருளை ஒரு படி நகர்ந்து நடுநிலைக்குச் சென்றுவிடும். விளக்கு எரியும், மெல்லிய ரீங்காரம் கேட்கும், ரயில் மட்டும் அசையாது. உடனே இயந்திரத்தைக் கழற்றுபவர்கள் நல்ல மோட்டரைக் கெடுத்துவிடுவதுண்டு. முதலில் துடைக்க வேண்டியது பாதையும் மின்சாரத்தை ஏற்கும் உருளிகளும்தான். அதற்கு உருக்குக் கம்பளியைப் பயன்படுத்தலாகாது. அதன் இழைகள் மோட்டரினுள் புகுந்து புதிய குறுஞ்சுற்றை உண்டாக்கும்.

மேற்கூறியவை பொறுமையைச் சோதிப்பவை. உயிரைச் சோதிக்கும் கோளாறு வேறொன்று உண்டு.

1920களில் பிரித்தானிய நகரங்கள் பலவற்றில் வீடுகளுக்கு நேரோட்டமே வழங்கப்பட்டது. நேரோட்டத்தில் மின்மாற்றி இயங்காது. ஆகவே, ஹோர்ன்பி நிறுவனம் 1925இல் வெளியிட்ட மெட்ரோபொலிற்றன் ரயிலின் ஒரு வகை, வீட்டு மின்சாரத்தை ஒரு மின்குமிழின் ஊடாகத் தண்டவாளத்துக்குக் கொண்டுவந்தது. ரயில் ஓடும்போது குமிழ் தன் பங்குக்கு அழுத்தத்தைக் குறைத்தது. ரயில் பாதையிலிருந்து விலகினாலோ? மின்னோட்டம் இல்லை, குமிழ் குறைக்க எதுவும் இல்லை, வீட்டு மின்சாரத்தின் முழு அழுத்தமும் தரையில் கிடந்த தண்டவாளத்தில் நிற்கும். தடம்புரண்ட ரயிலை எடுத்து வைக்கக் குழந்தை கை நீட்டும் தருணமும் அதுவே. இதனைக் குழந்தைகளின் கையில் கொடுக்கத் துணிந்த காலத்தை என்னவென்பது!

ஜேர்மனியின் மார்க்லின் 1926இல் 20 வோல்ற் முறைக்கு மாறியது. ஹோர்ன்பியும் பின்னர் 6 வோல்ற், 20 வோல்ற் ரயில்களுக்கு வந்தது. 1938இல் வந்த ஹோர்ன்பி டப்ளோ 12 வோல்ற் நேரோட்டத்தில் ஓடியது. எனினும், பழைய உயர் அழுத்த ரயில்கள் இன்றும் சேகரிப்பாளர்களிடையே கைமாறுகின்றன. அவற்றைக் கண்ணாடி அலுமாரியில் வைத்து இரசிக்கலாம், மின்சாரம் கொடுக்கலாகாது.

பழைய மின்மாற்றிகளும் எச்சரிக்கைக்கு உரியனவே. இறப்பர் உறையிட்ட மின்வடம் காலப்போக்கில் இறுகி வெடிக்கும்; அதனை மாற்றாமல் சுவரில் செருகக் கூடாது. மாற்றிய பின்னரும் அனுபவசாலிகள் நேரடியாக மின்சாரம் கொடுப்பதில்லை. மின்மாற்றிக்கு முன்னால் தொடராக ஓர் இழைக்குமிழை இணைப்பார்கள். குமிழ் மங்கலாக எரிந்தால் பரிசோதனையைத் தொடரலாம். பிரகாசமாக எரிந்தால் உள்ளே குறுஞ்சுற்று. அன்று தண்டவாளத்துக்கு மின்சாரம் கொண்டுவந்த அதே குமிழ், இன்று திருத்துநரின் மேசையில் காவலுக்கு நிற்கிறது.