விதைநெல்

பெல்ஜியம் நாட்டில் விலாட்ஸ்லோ என்ற சிற்றூருக்கு அருகே ஜெர்மானியப் படைவீரர்களின் கல்லறைத் தோட்டம் ஒன்று உள்ளது. முதல் உலகப் போரில் இறந்த 25 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே துயில்கின்றனர். அவர்கள் முன்னே ஒரு தந்தையும் ஒரு தாயும் கற்சிலைகளாக முழந்தாளிட்டிருக்கிறார்கள். தந்தை கைகளை மார்போடு இறுகக் கட்டிக்கொண்டு நிமிர்ந்திருக்கிறார். தாய் தலை கவிழ்ந்து குனிந்திருக்கிறார். இருவருக்கும் தனித்தனிப் பீடம், நடுவே இடைவெளி.

இவற்றை உருவாக்கியவர் கேத்தே கோல்விட்ஸ் என்ற ஜெர்மானியக் கலைஞர். 1914-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் போர் தொடங்கியபோது, அவருடைய இளைய மகன் பீட்டருக்கு 18 வயது. படையில் சேரத் துடித்தான். வயது போதாததால் தந்தையின் ஒப்புதல் தேவைப்பட்டது. பெர்லினில் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்துவந்த தந்தை கார்ல் மறுத்தார். மகன் தாயைப் பார்த்தான். தாய் அவனுக்காகப் பரிந்து பேசினார், தந்தை இணங்கினார். மூன்று மாதங்கள்கூட ஆகவில்லை. அக்டோபர் மாதம் பெல்ஜியத்தில் பீட்டர் கொல்லப்பட்டான்.

மகனுக்கு நினைவுச்சின்னம் எழுப்பத் தாய் உடனே முடிவுசெய்தார். ஆனால் அது முடிய ஏறக்குறைய 18 ஆண்டுகள் ஆயின. மகன் வாழ்ந்த காலமும் அவ்வளவுதான். இறந்து கிடக்கும் மகனையும் வடிக்க முதலில் எண்ணினார். பின்னர் அதைக் கைவிட்டார். 1932-இல் நிறுவப்பட்ட சின்னத்தில் மகன் இல்லை. பெற்றோர் மட்டுமே இருக்கிறார்கள். தரையில் பதித்த கல் ஒன்றில், மற்ற வீரர்களின் பெயர்களோடு பீட்டரின் பெயரும் இருக்கிறது. அந்தக் கற்சிலைகளில் நாம் காண்பது கார்ல், கேத்தே இருவரின் சாயலையே. தங்களை நம்பிய ஒரு தலைமுறையைப் போருக்கு அனுப்பிவிட்டு, பெரியவர்கள் அதனிடம் மன்னிப்புக் கேட்பதாகவே நமக்குத் தோன்றுகிறது.

அந்த இடைவெளியும் நம்மிடம் பேசுகிறது. ஒரே பிள்ளையை இழந்த இருவரும் ஒரே விதமாக அழுவதில்லை. ஒருவர் வாய்விட்டு அழுவார். மற்றவர் வாயே திறக்கமாட்டார். பேசாதவருக்குப் பாசமில்லை என்று நாம் தீர்ப்பிட வேண்டாம்.

இரண்டாம் உலகப் போரின்போது முதுமையிலும் கேத்தே ஓர் ஓவியம் வரைந்தார். ஒரு தாய் தன் மேலாடைக்குள் சிறுவர்களைக் கைகளால் அணைத்துக் காக்கிறாள். விதைக்கான தானியத்தை அரைக்கலாகாது என்பதே அந்த ஓவியத்தின் பெயர். விதைநெல்லைத் தொடாமல் பசி பொறுத்த உழவர் குடும்பங்களை அறிந்த நமக்கு இதன் பொருள் விளங்கும். உலகம் செவிகொடுக்கவில்லை. மாமனின்... அல்ல, சித்தப்பாவின் பெயரையே தாங்கியிருந்த அவருடைய பேரன் பீட்டரும் 1942-இல் ரஷ்யப் போர்முனையில் இறந்தான். போர் முடியச் சில நாள்களே இருந்தபோது, 1945 ஏப்ரலில் கேத்தேயும் கண்மூடினார்.

அன்புக்குரியவர்களே, ஒப்புதல் தந்த தாய், தன் தவற்றை மறைக்காமல் வாழ்நாளெல்லாம் பிறர் பிள்ளைகளுக்காகப் பேசினார். வீரம், பெருமை என்ற பெயரில் நம் பிள்ளைகளின் நெஞ்சில் பகையை ஊட்டும் குரல்கள் இன்றும் உண்டு. அவற்றுக்கு நம் வீட்டில் யார் ஒப்புதல் தருகிறார்கள்? இன்றிரவு பிள்ளைகள் உறங்கும்போது அவர்கள் முகத்தைப் பார்த்து நாம் சிந்திப்போம்.