டவர் செயலிழந்தால் உங்கள் மெசேஜ் எந்த வழியில் போகும்?

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையில் இருந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். கையில் போன் இருந்தது, சிக்னல்தான் இல்லை. பல இடங்களில் டவர்கள் செயலிழந்ததால், நாலு தெரு தள்ளி இருப்பவருக்கு "பத்திரமா இருக்கேன்" என்று ஒரு வரி அனுப்பக்கூட வழியில்லை.

இவ்வளவு பக்கத்தில் இருக்கும் இரண்டு போன்கள் நேரடியாகப் பேசிக்கொள்ள முடியாதா? அந்தக் கேள்வியில் இருந்து வந்ததுதான் ஹைபிரிட் வயர்லெஸ் நெட்வொர்க்.

அப்படின்னா என்ன?

இப்போது பக்கத்து வீட்டுக்காரருக்கு நீங்கள் அனுப்பும் மெசேஜ்கூட முதலில் டவருக்குப் போய், அங்கிருந்து நிறுவனத்தின் மைய நெட்வொர்க்குக்குப் போய், திரும்பி வருகிறது. டவர் போனால் எல்லாம் போச்சு.

இன்னொரு முறை 'அட் ஹாக்'. இதில் டவரே கிடையாது. ப்ளூடூத் அல்லது வைஃபை மூலம் ஒரு போன் அடுத்த போனுக்கு, அது அதற்கடுத்த போனுக்கு என்று தகவல் கைமாறும். 2014 ஹாங்காங் போராட்டத்தில் பிரபலமான ஃபயர்சாட் செயலி இப்படி இயங்கியதுதான்.

இரண்டையும் சேர்த்தால் ஹைபிரிட். டவர் எட்டும் இடத்தில் டவர், எட்டாத இடத்தில் பக்கத்து போன்.

சரி, இதுல என்ன சிக்கல்?

வழி கண்டுபிடிப்பதுதான். டவர் நின்ற இடத்திலேயே நிற்கும். போன் வைத்திருப்பவர் நடப்பார், பஸ் ஏறுவார், போனை ஆஃப் செய்வார்.

இதற்கு இரண்டு பழைய உத்திகள் உண்டு. 'ஓஎல்எஸ்ஆர்' எல்லா வழிகளையும் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்ளும். 'ஏஓடிவி' தேவைப்படும்போது மட்டும் "இவருக்கு வழி தெரியுமா?" என்று சுற்றியிருக்கும் கருவிகளிடம் கேட்கும். இரண்டின் விதிமுறைகளும் 2003-ல் வெளியாகின. முதலாவது பேட்டரியைத் தின்னும், இரண்டாவது நேரத்தைத் தின்னும்.

கணக்கு என்ன சொல்லுது?

ஒரு போனில் இருந்து அடுத்த போனுக்குத் தகவல் போவதை ஒரு தாவல் என்போம். ஒவ்வொரு தாவலும் 90% வெற்றி பெறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 தாவலில் தகவல் போய்ச்சேரும் வாய்ப்பு 73%. 5 தாவலில் 59%. 10 தாவலில் வெறும் 35%. தொலைந்ததை மறுபடி அனுப்பலாம்தான், ஆனால் தாமதமாகும்.

வேகமும் அடி வாங்கும். எல்லாரும் ஒரே அலைவரிசையில் இருந்தால், இடையில் உள்ள போன் ஒரே நேரத்தில் வாங்கவும் கொடுக்கவும் முடியாது. அதனால் 2 தாவலிலேயே வேகம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும்.

தீர்வு இருக்கா?

தாவல்களைக் குறைப்பதுதான். ஆய்வாளர்கள் முன்வைத்த 'டிடிஆர்' என்ற முறையில் அதிகபட்சம் 3 தாவல்தான். உங்கள் தகவல் துண்டுகளாகப் பிரிந்து, நல்ல வசதியுள்ள பக்கத்து போன்களுக்குப் போகும். அவை தங்களுக்கு எட்டும் டவர்களிடம் ஒப்படைக்கும். டவர்களுக்கு இடையே கம்பி வழிப் பயணம். கடைசியில் பெறுபவருக்குப் பக்கத்து டவர் துண்டுகளை வரிசைப்படுத்திக் கொடுக்கும். ஒரே டவரில் நெரிசல் குவியாது, நீண்ட போன் சங்கிலியும் தேவையில்லை.

ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. முகம் தெரியாதவரின் மெசேஜைச் சுமக்க உங்கள் பேட்டரியைத் தருவீர்களா? உங்கள் மெசேஜை அவர் போனை நம்பிக் கொடுப்பீர்களா? என்கிரிப்ஷன் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லும். முதலாவதுக்கு மனசுதான் பதில் சொல்லணும்.

இப்போதைக்கு நம்ம கையில் என்ன இருக்கு?

2023 ஜூனில் பிபர்ஜாய் புயலின்போது குஜராத்தின் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில், எந்த நிறுவனத்தின் சிம் வைத்திருந்தாலும் வேறு நிறுவனத்தின் டவரைப் பயன்படுத்த அனுமதிக்கப்பட்டது. இதற்குப் பெயர் 'இன்ட்ரா சர்க்கிள் ரோமிங்'. இது போனுக்குப் போன் தாவும் முறை அல்ல. ஆனாலும் அடிப்படை யோசனை ஒன்றுதான்: ஒரு வழி அடைத்தால் அடுத்த வழி.

இப்படி அறிவிப்பு வந்தால், செட்டிங்ஸில் மொபைல் நெட்வொர்க் பகுதிக்குப் போய் 'ஆட்டோமேட்டிக்' தேர்வை எடுத்துவிட்டு, கிடைக்கும் நெட்வொர்க்கை நீங்களே தேர்வு செய்யுங்கள். டேட்டா திணறும்போது எஸ்எம்எஸ் முயன்று பாருங்கள், அதற்கு மிகக் குறைந்த சிக்னல் போதும். உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும், வேறொரு நிறுவனத்தின் டவர் எட்டினால் 112 அழைப்பு போகும்.

சுற்றுவட்டாரத்தில் ஒரு டவர்கூட இல்லை என்றால்? அப்போது மிச்சம் இருப்பது பக்கத்து வீட்டுக்காரர் போன்தான். ப்ளூடூத் வழி செயலி ஏதாவது வேண்டுமென்றால் மழைக்கு முன்பே இரண்டு பேர் போனிலும் ஏற்றி வையுங்கள். நெட் போன பிறகு டவுன்லோட் செய்ய முடியாது.