வெள்ளைப் பாறையின் வரலாறு

ஜொகூரின் தென்கிழக்குக் கரையிலிருந்து 7.7 கடல் மைல் தொலைவில், சிங்கப்பூர் நீரிணை தென்சீனக் கடலோடு கலக்குமிடத்தில், சிறியதொரு கருங்கல் தீவு உள்ளது. அதன் நீளம் 137 மீட்டர். சராசரி அகலம் 60 மீட்டர். கடற்பறவைகளின் எச்சம் படிந்து வெண்மையாகத் தோன்றியமையால் மலாய் மக்கள் அதனைப் பத்து பூத்தே என்றனர். போர்த்துக்கீசியர் பெட்ரா பிராங்கா என்றனர். இரு பெயர்க்கும் பொருள் வெள்ளைப் பாறை என்பதே.

புவியோட்டை ஆக்கியுள்ள பாறைகள் மூவகைப்படும். உருகிய குழம்பு இறுகித் தோன்றுவது தீப்பாறை. மணலும் வண்டலும் அடுக்கடுக்காய்ப் படிந்து இறுகுவது படிவுப்பாறை. இவ்விரண்டும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மாறுவது உருமாறிய பாறை. கருங்கல் முதல் வகையைச் சார்ந்தது. நிலத்தின் ஆழத்தில் பாறைக்குழம்பு மிக மெதுவாகக் குளிர்வதால், கண்ணாற் காணத்தக்க பெரிய படிகங்கள் அதில் விளைகின்றன. மலாயாத் தீபகற்பத்தின் கருங்கற்பாறைகளுட் பெரும்பாலானவை, நிலத்தட்டுகள் மோதிய காலத்தில், ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே உருவானவை. மேலிருந்த அடுக்குகள் மழையாலும் வெயிலாலும் அரிக்கப்பட்ட பின்னரே அவை வெளிப்பட்டன. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அன்று இந்நீரிணை நிலமாகவும் இப்பாறை குன்றாகவும் விளங்கின. கடல் உயர்ந்தபோது குன்று தீவாயிற்று.

மனித வரலாறு அதன் பின்னர் வந்தது. அலைகளிடையே மறைந்துநின்ற பாறைகளில் கப்பல்கள் மோதி உடைந்தன. எனவே ஆங்கிலேயர் 1850-51ஆம் ஆண்டுகளில் பத்து பூத்தேயில் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தை எழுப்பினர். ஜான் டர்ன்புல் தாம்சன் அதன் பொறியாளர். உபின் தீவில் வெட்டியெடுத்த கருங்கல்லே அதற்குப் பயன்பட்டது. கல்லின் மேல் கல் நின்றது; ஆனால் அக்கல் யாருக்கு உரியது என்பதை எவரும் தெளிவுபட எழுதிவைக்கவில்லை.

1953 ஜூன் மாதம் சிங்கப்பூர் அரசு இத்தீவின் நிலைகுறித்து ஜொகூருக்கு எழுதிக் கேட்டது. அத்தீவுக்கு உரிமை கோரவில்லை என்று செப்டம்பர் 21ஆம் நாள் ஜொகூரின் தற்காலிக அரசுச் செயலாளர் விடையிறுத்தார். 1979இல் மலேசியா தன் வரைபடத்தில் இத்தீவைச் சேர்த்தது. மறு ஆண்டு சிங்கப்பூர் மறுப்புத் தெரிவித்தது. வழக்கு அனைத்துலக நீதிமன்றத்தை அடைந்தது. 2008 மே 23 அன்று வழங்கிய தீர்ப்பில், தொடக்கத்தில் இத்தீவு ஜொகூர் சுல்தானகத்துக்கே உரியது என நீதிமன்றம் ஏற்றது. ஆயினும் அக்கடிதத்தையும் பின்வந்த ஆண்டுகளின் மௌனத்தையும் கருதி, உரிமை 1980க்குள் சிங்கப்பூருக்கு மாறிவிட்டதென 12க்கு 4 என்னும் வாக்குகளால் முடிவு கூறியது. ஒரு கடல் மைலுக்கும் குறைவான தொலைவிலுள்ள நடுப்பாறைகள் மலேசியாவுக்கே உரியவையாயின. அவற்றைக் குறித்து அத்தகைய கடிதம் ஏதும் எழுதப்படவில்லை.

கோடிக்கணக்கான ஆண்டுகள் உருவாக்கிய பாறையின் உரிமையை ஒரு தாள் மடல் மாற்றியமைத்தது. பாறை தன் வரலாற்றைத் தன் படிகங்களிலேயே காத்துக்கொள்கிறது. மனிதரின் வரலாறோ எழுத்தில்தான் நிற்கிறது. பழைய ஆவணங்களைப் பேணுவதும், தம் மண்ணின் வரலாற்றைக் கற்று உரிய காலத்தில் உரைப்பதும் வெறும் ஏட்டுக் கல்வியல்ல என்பதை மாணவர்க்கு உணர்த்த இவ்வெள்ளைப் பாறை ஒன்றே போதும்.