வானம் காலியாக இருந்த காலம்

மைசூர் என்றதும் எல்லோருக்கும் தசராவும் மைசூர்பாகும் ஞாபகம் வரும். மின்னணுச் சாதனங்கள் கக்கும் ரேடியோ இரைச்சலை அளந்து சம்பளம் வாங்கும் எனக்கு ஒரு பேராசிரியர் ஞாபகம் வருவார். மகாராஜா கல்லூரியில் உளவியல் சொல்லிக்கொடுத்த எம்.வி.கோபாலசுவாமி, 1935-ல் தன் வீட்டிலிருந்தே ஒரு சின்ன வானொலி நிலையத்தை நடத்தினார். பெயர் ஆகாசவாணி. பிற்பாடு அகில இந்திய வானொலியே அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. (நம்ம சென்னை அதற்கும் முந்தி. கிருஷ்ணசாமி செட்டியின் ரேடியோ கிளப் 1924 ஜூலை 31-ல் ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டது.)

அன்றைக்கு வானம் கிட்டத்தட்ட காலி. மைசூர்ப் பக்கம் ராமாபுரம் மாதிரி ஒரு ஊரில் ஆண்டெனாவை நட்டு 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே தேடியிருந்தால், பெரிதாக எதுவும் சிக்கியிருக்காது. வானொலி கேட்பவர்களுக்குத் தொல்லை கொடுத்தவை மோட்டார்களும் டிராம்களும்தான். அதற்கு ஒரு வழி பண்ண 1933-ல் பாரிசில் கூடிப் பேசி, 1934-ல் சிஸ்பர் என்ற சர்வதேசக் குழுவை அமைத்தார்கள். நோக்கம் ஒன்றுதான்: வானொலியைக் காப்பாற்றுவது.

அடுத்து வந்தது கம்ப்யூட்டர். வீட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டால் பக்கத்து வீட்டு டிவியில் கோடு விழுந்தது. 1979-ல் அமெரிக்காவின் எஃப்.சி.சி. வரம்பு விதித்தது. வீட்டு உபயோகச் சாதனமென்றால், 3 மீட்டர் தள்ளி அளக்கும்போது, 88 முதல் 216 மெகாஹெர்ட்ஸ் வரை மீட்டருக்கு 150 மைக்ரோவோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது.

எங்கே அளப்பது? திறந்தவெளியில். தரையில் உலோகத் தளம், சுழலும் மேசைமேல் சாதனம், 1 மீட்டரிலிருந்து 4 மீட்டர் வரை ஏறி இறங்கும் ஆண்டெனா. அவ்வளவுதான் ஏற்பாடு.

சிக்கல் இங்கேதான். அமெரிக்காவில் பெரும்பாலான எஃப்.எம். நிலையங்களின் சேவை எல்லையிலேயே மீட்டருக்கு 1000 மைக்ரோவோல்ட் இருக்கும். மேலே சொன்ன வரம்பைப்போல ஆறு மடங்குக்கும் அதிகம்! நிலையத்தை நெருங்க நெருங்க இன்னும் கூடும். கல்யாண வீட்டு மேளத்துக்கு நடுவே கைக்கடிகாரத்தின் டிக் டிக்கைக் கேட்கிற கதை. சுற்றுப்புற சிக்னல் வரம்பைவிட 6 டெசிபலாவது குறைவாக, அதாவது பாதிக்குள், இருக்க வேண்டும் என்கிறது விதி. ஊருக்குள் அதற்கு எங்கே போவது?

ஆளுக்கொரு உபாயம் வைத்திருந்தார்கள். முதலில் சாதனத்தை அணைத்துவிட்டு வானத்தை மட்டும் அளந்து குறித்துக்கொள்வது. பிறகு போட்டுவிட்டு அளப்பது. சந்தேகமான சிக்னலை ஹெட்போனில் கேட்பது. பாட்டு கேட்டால் அது வானொலி நிலையம். சில நிலையங்கள் ஓய்ந்தபின் ராத்திரியில் அளப்பது. ஆண்டெனாவைப் பக்கத்தில் கொண்டுபோவது. ஆனால் ரொம்ப நெருங்கினால் தூரக் கணக்கு சரியாக வராது.

எந்த உபாயத்துக்கும் எளிதில் பிடிபடாத ஒன்று உண்டு. 33 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஒரு கிளாக்கின் மூன்றாம் மடங்கு 99 மெகாஹெர்ட்ஸ். அதே இடத்தில் ஒரு எஃப்.எம். நிலையம் இருந்தால், சாதனத்தின் இரைச்சல் பாட்டுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். "இது வெளியிலிருந்து வருவது" என்று எழுதிவிட்டுத் தாண்டினால் கெட்ட சாதனம் பாஸாகிவிடும். பிறகு அது விற்கப்பட்டுப் போகிற வீட்டில் ரேடியோ கரகரக்கும். சோதனை எதற்காக வந்ததோ அதுவே நடக்காமல் போய்விடும்.

நம் ஊர் வானமும் நிரம்பியது. 1977-ல் சென்னையில் எஃப்.எம்., 1995-ல் செல்பேசி, 2001-ல் பெங்களூரில் தனியார் எஃப்.எம். கடைசியில் அளப்பவர்கள் வீட்டுக்குள் போக வேண்டியதாயிற்று. ஃபாரடே 1836-லேயே காட்டிய உலோகக் கூண்டு வெளி அலையைத் தடுத்துவிடும். ஆனால் உள்ளே இருக்கும் அலை சுவரில் மோதித் திரும்பி அளவைக் கெடுக்கும். எனவே சுவரிலும் கூரையிலும் அலையை உறிஞ்சும் பொருளை ஒட்டினார்கள். 30 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 10 மீட்டர். கரி கலந்த ஃபோம் கூம்புகளை மட்டும் நம்பினால் அவை ஆள் உயரத்தையும் தாண்டும். சில மில்லிமீட்டர் கனமுள்ள ஃபெரைட் ஓடுகள் வந்த பிறகுதான் அறை கைக்கு அடக்கமானது.

சென்னை தரமணியில் சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம் இத்தகைய சோதனைகளைச் செய்கிறது. சொந்தமாக அறை கட்ட வசதியில்லாத சிறு தயாரிப்பாளர்கள் இதுபோன்ற இடங்களில் நேரம் வாங்கித்தான் அளக்க வேண்டும். அதற்கு முன்னால் மொட்டை மாடியில் ஒத்திகை பார்க்கலாமென்றால், குறுக்கே எஃப்.எம். நிற்கும்.

வேடிக்கை என்னவென்றால், வானொலியைக் காப்பாற்றத் தொடங்கிய அளவை அந்த வானொலியே உள்ளே விரட்டியிருக்கிறது. கட்டிய அறை சரியா என்று பார்க்கும் முறையும் இதையே சொல்கிறது. இரைச்சலே இல்லாத ஒரு சமவெளியில் என்ன அளவு வரவேண்டுமென்று கணக்குப் போடுவார்கள். அறையின் அளவு அதிலிருந்து 4 டெசிபலுக்குள் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட சமவெளி ஊருக்குப் பக்கத்தில் இன்று எங்கும் இல்லை. இத்தனை செலவு செய்து நாங்கள் கட்டுவது கோபாலசுவாமிக்கு 1935-ல் சும்மா கிடைத்த அந்தக் காலி வானத்தைத்தான்.