சதுரம் சதுரமாகத் தைத்த போர்வைகள்

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிய நூல்களைக் கொண்டு ஒரு நூலகத்தையே நிரப்பிவிடலாம். தளபதிகளுக்கும் பீரங்கிகளுக்கும் அவற்றில் இடம் தாராளம். போர்வைகளைப் பற்றியோ எங்காவது ஒரு மூலையில் இரண்டு வரிகள் இருக்கும். ஆனால், 1861 முதல் 1865 வரை வடமாநிலப் படைகளின் மருத்துவமனைகளில் கிடந்த காயக்காரர்களுக்குப் பீரங்கியைவிடப் போர்வையே அதிகம் தேவைப்பட்டது.

ஆங்கிலேயர் குயில்ட் என்று அழைக்கும் போர்வை மூன்று படைகளைக் கொண்டது. மேலே துண்டுத் துணிகளால் இணைத்த முகத்துணி, கீழே அடித்துணி, இடையே பஞ்சு. மூன்றையும் ஊடுருவிச் செல்லும் சிறு தையல்களே பஞ்சை அசையாமல் பிடித்துவைக்கின்றன. நெருக்கமாகத் தைக்காவிட்டால் துவைத்தவுடன் பஞ்சு திரண்டு கட்டிகளாகிவிடும். வழக்கமாக முழுப் போர்வையையும் பெரிய மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, அயலிலுள்ள பெண்கள் சுற்றியமர்ந்து தைப்பர். சட்டத்தை விரித்தால் வீட்டில் ஓர் அறையை அதற்கே விட்டுவிட வேண்டியதுதான். வேலை முடியும்வரை அதை நகர்த்தவும் இயலாது.

நியூ இங்கிலாந்துப் பகுதியில், குறிப்பாக மேய்ன் மாநிலத்தில், வேறொரு முறையும் இருந்தது. ஒவ்வொரு சதுரத்தையும் மூன்று படைகளுடன் தனியாகத் தைத்து, சுற்றிலும் விளிம்புப் பட்டி வைத்து முடித்துவிடுவர். பின்னர் முடிந்த சதுரங்களை விளிம்போடு விளிம்பு சேர்த்துச் சுற்றித் தைப்பர். தனிச் சதுரம், சூடான பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கும் பிடிதுணி போலிருப்பதால் பிடிதுணிக் குயில்ட் என்ற பெயர் இதற்கு வழங்குகிறது.

1861 ஜூனில் அமைக்கப்பட்ட ஐக்கிய அமெரிக்கச் சுகாதார ஆணைக்குழு, மருத்துவமனைக் கட்டில்களுக்கு ஏற்ற ஒடுக்கமான போர்வைகளை மக்களிடம் கேட்டது. நீளம் ஏறத்தாழ 7 அடி, அகலம் 50 அங்குலம். போர்க்காலத்தில் ஆணைக்குழு வழங்கிய போர்வைகள் இரண்டு இலட்சத்துக்கும் அதிகம். இந்த அவசரத்துக்குப் பிடிதுணி முறை நன்றாகப் பொருந்தியது. சட்டம் வேண்டாம், ஒரே இடத்தில் கூடவும் வேண்டாம். சமையலுக்கும் பிள்ளைக்கும் நடுவே கிடைக்கும் அரைமணி நேரத்தில் மடியில் வைத்துத் தைக்கலாம். முப்பது பெண்கள் ஆளுக்கொரு சதுரம் எடுத்தால் ஒரு வாரத்தில் போர்வை தயார்.

வேலை இதனால் குறைந்தது என்று எண்ணிவிடக் கூடாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலடிக்கு ஏழடிப் போர்வையில் ஓரடிச் சதுரங்கள் 28. ஒவ்வொன்றுக்கும் நாலடி விளிம்பாக மொத்தம் 112 அடிப் பட்டி தைக்க வேண்டும். ஒரே துண்டாகத் தைத்தால் 22 அடி போதும். அதற்குமேல் சதுரங்களை இணைக்க 45 அடி மூட்டுத் தையல் வேறு. வேலையின் அளவு கூடியது. ஆனால் அது பலர் கைகளுக்குப் பகிரப்பட்டது. போர்க்காலத்தில் இரண்டாவதுதான் முக்கியம் என்பது என் எண்ணம்.

குறைகள் இன்னும் உண்டு. இறுகத் தைக்கும் கையில் சதுரம் சற்றுச் சுருங்கும், தளரத் தைக்கும் கையில் சுருங்காது. இணைக்கும்போது மூலைகள் பொருந்த மறுக்கும். பத்திரிகைப் பக்கத்தைப் பல கைகள் தனித்தனியே எழுதி, இரவில் ஒருவர் பொருத்த முனையும்போது நேர்வதும் இதுவே! முழுப் போர்வையிலும் படர்ந்தோடும் கொடிபோன்ற தையல் கோலத்துக்கும் இங்கு இடமில்லை. எந்தக் கோலமும் சதுரத்தின் எல்லையில் நின்றுவிடும். போர்வையை உதறும்போது பாரமெல்லாம் மூட்டுகளில் விழும்.

ஆனால், தனிச் சதுரத்தைத் தைத்தவள் அதைத் தன்னுடையது என்று சொல்ல முடிந்தது. சிலர் மையினால் தம் பெயரையும் ஊரையும், முகமறியாப் படைவீரனுக்கு இரண்டொரு ஆறுதல் வார்த்தைகளையும் எழுதினர். சட்டத்தைச் சுற்றி அமர்ந்து தைத்த போர்வையில் எவர் தையல் எவருடையது என்று பிரித்தறிவது கடினம். மருத்துவமனைகளுக்குப் போன போர்வைகளுள் இன்று எஞ்சியிருப்பவை மிகச் சிலவே. அவற்றில் வாசிக்கக் கிடைக்கும் அப்பெண்களின் பெயர்கள் பல, வேறெந்தப் போர் வரலாற்றிலும் இடம்பெறாதவை.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், வட கரோலினாவைச் சேர்ந்த ஜோர்ஜியா போன்ஸ்டீல் இத்தகைய மடித்தையல் முறையைப் பொதுத் தொலைக்காட்சி வழியே மீண்டும் பரப்பினார். தொழில்நுட்பத்தின் கதை அவ்வளவுதான். துண்டுகளாகச் செய்வதன் பயனும் விலையும் மிகப் பெரிய அளவில் தெரியவந்தது வேறோர் இடத்தில்.

1985 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த மெழுகுதிரி ஊர்வலத்தில், எயிட்ஸ் நோயால் இறந்தவர்களின் பெயர்களை அட்டைகளில் எழுதிச் சமஷ்டி அரசுக் கட்டடத்தின் சுவரில் ஒட்டினார்கள். அந்தச் சுவர் கிளீவ் ஜோன்ஸ் என்ற செயற்பாட்டாளருக்கு ஒட்டுத்துணிப் போர்வையை நினைவூட்டியது. 1987இல் பணி தொடங்கியது. ஒருவருக்கு ஒரு துணி, அளவு 3 அடிக்கு 6 அடி. அதாவது ஒரு புதைகுழியின் அளவு. எட்டுத் துணிகள் சேர்ந்தால் 12 அடிச் சதுரம். 1987 ஒக்டோபர் 11இல் வொஷிங்டனில் விரித்தபோது 1,920 துணிகள் இருந்தன. இவற்றில் பல, மூன்று படை வைத்துத் தைத்தவை அல்ல. தையற்கலை வல்லுநர் சிலர் இதைக் குயில்ட் என ஒப்பத் தயங்கக்கூடும். எனக்கு அந்தத் தயக்கமில்லை. ஊசி பிடித்தறியாத தந்தையும் நண்பனும் தமக்குரிய ஒரு துணியைத் தைக்க முடிந்தது இம்முறையால்தான். பலருடைய குடும்பங்கள் பெயரைச் சொல்லவே கூசிய காலம் அது.

இதற்கும் ஒரு விலை இருந்தது. போர்வை முழுவதுமாக விரிக்கப்பட்டது 1996 ஒக்டோபரே கடைசி. இன்று ஏறத்தாழ 50,000 துணிகள், 54 தொன் எடை. முழுவதையும் ஒருசேர எவரும் பார்ப்பதற்கில்லை. சில சதுரங்கள் பாடசாலைகளுக்கும் தேவாலயங்களுக்கும் போய்வருகின்றன. ஏனையவை சான் பிரான்சிஸ்கோவில் மடித்து அடுக்கப்பட்டுள்ளன. ஒன்று கிழிந்தால் அதை மட்டும் எடுத்துச் செப்பனிடுகிறார்கள். புதிய துணிகள் இன்னமும் வந்துகொண்டிருக்கின்றன. எட்டுச் சேர்ந்ததும் ஒரு சதுரம் கூடுகிறது.